தொட்டிற்பருவம்: பெரியாழ்வார் கண்ட பிள்ளையும் மனையில் வளரும் பிள்ளையும்

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூலார் மூன்றாந் திங்களில் காப்புப் பருவத்தைத் தொடங்கி, ஒற்றைப்பட்ட திங்கள்களாகவே எண்ணி, இருபத்தோராந் திங்களில் முடிப்பர். பிறந்த நாள் தொட்டு மூன்றாந் திங்கள் வரையிலான காலத்துக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை. தலை நில்லாத, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்காத பச்சைப் பிள்ளையிடம் பாடுதற்குரிய செயல் யாதுளது என்று அவர்கள் கருதினர் போலும். அப்பிரபந்த வகைக்கே வித்திட்டவராக அறிஞர் கொள்ளும் பெரியாழ்வாரோ அந்த விடுபட்ட நாட்களிலேயேதான் தம் திருமொழியைத் தொடங்குகிறார். திருப்பல்லாண்டை அடுத்த முதல் திருமொழியின் பத்துப் பாசுரங்களும் பிறந்த நாளையும் அதனை ஒட்டிய சில கிழமைகளையும் பற்றியவை. திருக்கோட்டியூரைத் திருவாய்ப்பாடியாகவே பாவித்து, எண்ணெயும் மஞ்சட்பொடியும் தூவப்பட்டு முற்றம் சேறான நாளில் தொடங்குகிறது அது.

இத்திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று என்பதும், எஞ்சிய பகுதிக்கு முன்னுள்ளவற்றுக்கு மணவாள மாமுனிகள் வியாக்கியானம் அருளி, எந்த இடத்தில் பழைய ஏடு கிடைத்ததோ அந்த இடத்தில் தம் எழுத்தாணியை நிறுத்தினார் என்பதும் ஸம்பிரதாயம் அறிந்தோர் அறிந்ததே. ஆகவே பிள்ளைப்பருவப் பாசுரங்களுக்கு இன்று நமக்கு வழித்துணையாயிருப்பது மாமுனிகளின் வாக்கு. அவர் துறவு பூண்டவர். அத்தகையவர் பிள்ளையை நீராட்டுவதற்கும் தொட்டிலிடுவதற்கும் சொற்சொல்லாக உரை கண்டது, இவை வெறும் அலங்காரம் அல்ல, தத்துவார்த்தம் தாங்கிய செய்திகளே என்று ஆசாரியர்கள் கொண்டதற்குச் சான்று. இக்காலத்துச் சிலர் இப்பாசுரங்களை ‘எளியவை’ என்று சொல்லிக் கடந்து திருவாய்மொழிக்கு விரைகின்றனர். விரைவதற்குக் காரணம் எளிமையன்று. பிள்ளை வளர்த்த அநுபவம் இல்லாமையே.

நீராட்டும் பாசுரத்தை எடுத்துக்கொள்ளலாம். யசோதை பிள்ளையின் கைகால்களை நீட்டி நிமிர்த்துகிறாள், பெரிய பாத்திரத்து நீரால் மெல்ல ஆட்டுகிறாள், இளமஞ்சள் பூசுகிறாள், நாவை வழிக்கையில் அவன் வாய் திறக்க, ஏழுலகும் அதனுள் தெரிகின்றன. பெரும்பாலான உபந்நியாசங்கள் கடைசிச் செய்தியிலேயே நின்றுவிடும். ஆனால் உலகங்கள் தென்படுவதற்கு முன்னால் ஆழ்வார் வைத்த ஒவ்வொரு செயலும் பச்சிளம் பிள்ளையின் உடல்நிலையை அறிந்து வைத்தது. கருவில் மடங்கிக் கிடந்த கைகால்கள் பிறந்த பின்னும் சில கிழமைகள் மடங்கியே இருக்கும். முழங்கையும் முழங்காலும் தாமே நீளாமல் உடலோடு ஒட்டியிருப்பதும், விரல்கள் முட்டியாக மூடியிருப்பதும் அக்காலத்து இயல்பு. அதனால்தான் நிமிர்த்தல் என்னும் வினை அங்கே தேவைப்பட்டது. ‘மெல்ல’ என்னும் பொருள்தரும் சொல் அங்கு வெறும் அடைமொழியன்று. திடீரென்று தாழ்த்தினாலோ ஓசை கேட்டாலோ இரு கைகளையும் விரித்து, வெருண்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் பிறந்த பிள்ளைக்கு உண்டு. அது நான்கைந்து திங்களில் மறையும். கழுத்துக்கோ தலையைத் தாங்கும் வலிமை இன்னும் வரவில்லை. இவ்வாறு வெருளும் பிள்ளையைக் கையில் ஏந்தியவளுக்கே அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

நா வழித்தலைப் பற்றி ஒரு சொல். ஆழ்வார் பாடிவிட்டார் என்பதால், பிறந்த குழந்தையின் தொண்டைவரை விரலை விட்டுக் கோழை எடுப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும், காதில் ஊதுவதும் சாஸ்திரம் ஆகிவிடா. தருமபுரி, சேலம் பகுதிகளின் ஊர்ப்புறங்களில் இன்னும் இவற்றைச் செய்வோர் உண்டு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அங்கேயே தங்கி நோய் செய்யும். நகம் பட்ட புண்ணில் கிருமி ஏறும். யசோதை வழித்தது நாவை, தொண்டையை அன்று. பாசுரத்தில் உள்ளதைப் பாசுரத்தின் அளவிலேயே கொள்ளுதல் உரை மரபின் முதல் விதி.

இதனினும் முக்கியமானது முதல் உணவு. ஜாதகர்மத்தில், தொப்புட்கொடி அறுப்பதற்கு முன் பொன், தேன், நெய் ஆகியவற்றை மந்திரத்துடன் உண்பிக்க மநு ஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. ஊர் வழக்கில் இதுவே ‘சேனை வைத்தல்’ என்று சர்க்கரை நீராகவோ கழுதைப்பாலாகவோ உருமாறி நிற்கிறது. நற்குணமுடைய ஒரு பெரியவர் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. மருத்துவர்களோ, முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலன்றி ஒரு துளி நீரும் வேண்டா என்றும், ஓராண்டு நிறையும்வரை தேன் கூடவே கூடாது என்றும் சொல்கின்றனர். தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியோர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையும் நிறுத்த வல்லவை.

இங்கே வைதிகக் குடும்பங்களில் ஒரு தயக்கம் எழுகிறது. விதியை விடுவதா, பிள்ளையைப் பணயம் வைப்பதா? இவ்வாறு இரண்டாகப் பிரித்துக் கேட்பதே பிழை. க்ருஹ்ய ஸூத்திரங்களை முழுதும் நோக்கினால், ஜாதகர்மத்தின் அங்கமாகவே தாயின் முலையை மந்திரத்துடன் பிள்ளைக்கு ஊட்டும் பகுதி ஆபஸ்தம்பத்திலும் பாரஸ்கரத்திலும் உண்டு. வலமுலையே முதலில் என்பது வரை சொல்லப்பட்டிருக்கிறது. ஆயுர்வேத முனிவர்களுக்குள்ளும் இதில் ஒருமை இல்லை. ஸுச்ருதர், தாய்க்கு மூன்று நான்கு இரவு கழித்தே பால் பெருகும் என்று கருதி, முதல் நாட்களுக்குத் தேனும் நெய்யும் சொல்லுகிறார். சரகரோ மந்திரப் பிராசனத்துக்குப் பின் முதல் நாளே வலமுலை தரச் சொல்லுகிறார். ஸுச்ருதர் சொன்ன அந்த மூன்று நான்கு நாட்களும் முலை வறண்டிருப்பதில்லை, சீம்பால் சுரக்கிறது. மஞ்சள் நிறமும் தடிப்பும் உடைய அது அளவில் சிறிது. பிறந்த பிள்ளையின் வயிறும் அந்நாளில் சிறிதே. நோயைத் தடுக்கும் பொருள்கள் அதில் செறிந்துள்ளன. அதனைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கத்துக்கு க்ருஹ்ய ஸூத்திரத்தில் ஆதாரம் காட்ட இயலாது. ஆகவே மந்திரத்தைப் பாலின்மேல் ஏற்றி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டுவதே ஜாதகர்மத்தின் ஓர் அங்கத்தைக் கைவிடாமல் நிறைவேற்றுவதாகும். தேனை விட்டுவிடுதல் தேச கால நோக்கில் கொள்ளத்தக்கது. அன்ன பிராசனத்தை ஆறாந் திங்களில் விதித்த அதே மநுவின் வாக்கும் இன்றைய மருத்துவர் வாக்கும் ஒத்திருப்பதை இவ்விடத்தில் காணலாம். உரைமருந்துப் பெட்டிக்கும் இதே நியாயம். வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய் இவற்றை உரைத்து நாவில் தடவும் பாட்டிமார்க்கு வசம்பின்மேல் பேரன்பு. ‘பிள்ளை வளர்த்தி’ என்றும் ‘பேர் சொல்லாதது’ என்றும் அதற்குச் செல்லப்பெயர். ஆறு திங்கள் கழியும்வரை அது பெட்டியிலேயே இருக்கலாம்.

பிள்ளை எவ்வாறு வளர்கிறான் என்பதை அளவில் சொல்வதானால்: உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவைகளின்படி ஆண்குழந்தையின் பிறப்பெடையின் நடுமதிப்பு 3.3 கிலோ; ஒரு திங்களில் 4.5, இரு திங்களில் 5.6, மூன்று திங்களில் 6.4 கிலோ. பெண்குழந்தை பிறக்கையில் 3.2 கிலோவும், மூன்று திங்களில் 5.8 கிலோவும் இருப்பாள். இவ்வளவைகளுக்காக ஆராயப்பட்ட ஆறு நாடுகளில் பாரதமும் ஒன்று. முதல் சில நாட்களில் எடை ஏறாது, இறங்கும். பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் குறைந்து, இரண்டு கிழமைக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டும். இதனை அறியாத தாய் ஐந்தாம் நாள் தராசைக் கண்டு கலங்கி, பால் போதவில்லை என்று புட்டிப்பாலுக்குப் போவது நாள்தோறும் நடப்பது. அதன்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை கூடும். நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பதினாறு மணி நேரம் உறங்கும், ஒரே நீட்சியாக அன்று. தொப்புள் காய்ந்து ஒன்று இரண்டு கிழமைக்குள் விழும். அதன்மேல் சாம்பலோ சாணமோ மஞ்சளோ இடாமல் காயவிடுதலே தகும். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் மார்பு சற்றே வீங்கிப் பால் போன்ற நீர் கசியலாம். தாயின் உடலிலிருந்து வந்த சுரப்புகளின் விளைவு அது. பிழிந்து எடுக்க முற்பட்டால் சீழ் கட்டும். ஆண்பிள்ளையின் குறியின் நுனித்தோலை இழுத்துப் பின்தள்ளிக் கழுவுவதும் வேண்டா; அது தானே விடும் காலம் பின்னர் வரும். விதைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா என்பதை மட்டும் மருத்துவர் பார்க்கட்டும்.

இச்செய்திகளை ஒரு வைணவ ஏட்டில் எழுதுவது எப்படிப் பொருந்தும் என்று கேட்போர், பாதாதிகேசத் திருமொழியின் ஆறாம் பாசுரத்தை ஒருமுறை சேவித்துவிட்டுக் கேட்பாராக. திருவடி முதல் திருமுடி ஈறாகப் பிள்ளையின் எந்த அவயவத்தையும் ஆழ்வார் விடவில்லை; நாணத்துக்கு இடமானது என்று உலகம் எண்ணுவதையும் தாயின் கண்ணுக்கு அது நாணத்துக்குரியது அன்று என்றே பாடினார். ஆண்குறி ஈறாக அத்தனையையும் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துக் காட்டும் தாய், பிள்ளையைக் குறைவின்றிப் பரிசோதித்தவளும் ஆவாள்.

எடைக் கணக்கு தருமபுரிக்கு வெறும் எண்ணன்று. 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறப்பதை எடைக் குறைவு என்பர். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டபோது, முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று இந்த எடைக்குறைவு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து பிள்ளையைக் கொண்டு இறங்கி வருவதற்குள் உடல் குளிர்ந்துவிடும். குறையெடைப் பிள்ளைக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் கொழுப்பு இல்லை. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: தாயோ தந்தையோ பிள்ளையை வெற்று மார்போடு நேராக அணைத்து, மேலே துணி போர்த்தி வைத்தல். கங்காரு முறை என்று அதற்கு இன்று பெயர். பிறந்தவுடனே குளிப்பாட்டுவதை ஒருநாளேனும் தள்ளிப்போடச் சொல்வதும் சூட்டைக் காக்கவே. குறையெடைப் பிள்ளைக்கு அதனினும் நாள் செல்லலாம். மார்கழிப் பனியில் தொட்டிக் குளியல் நடத்தியே தீரவேண்டும் என்பாரிடம் வாதிடுவதைவிட, யசோதையின் பாத்திரத்து நீர் எத்தனையாம் நாளைக்குரியது என்று ஆழ்வார் சொல்லவில்லை என்பதைக் காட்டினால் போதும்.

அடுத்து வருவது இத்திருமொழியின் ஒன்பதாம் பாசுரம். கற்றோர் நெடுநாள் நின்று பேசும் இடம். தொட்டிலில் இட்டால் அது கிழியும்படி உதைக்கிறான்; இடுப்பில் எடுத்துக்கொண்டால் இடையை முறிக்கிறான்; இறுக அணைத்தால் வயிற்றிலே பாய்கிறான்; மிடுக்கு இல்லாமையால் தான் மெலிந்தேன் என்கிறாள் தாய். மிடுக்கு இல்லாதது யாருக்கு? இலக்கண நோக்கில் இருவருக்கும் கூட்டலாம். பிள்ளையின் துடிப்பைத் தாங்கும் வலி தனக்கில்லாமையால் மெலிந்தாள் என்பது முதலில் தோன்றும் பொருள். வியாக்கியான வழியில் நிற்போர் இதைக் கொள்வதில்லை. இத்தனை செயல்களையும் செய்யத்தக்க வலிமை அச்சிறு உடலுக்கு இல்லையே, இதனால் இவனுக்கு என்ன வருமோ என்று அஞ்சி மெலிந்தாள் என்பதே அவர்கள் கருத்து. தொட்டிலைக் கிழிக்கும் காலைப் பார்த்துக்கொண்டே அக்காலுக்கு வலிமையில்லை என்று ஒருத்தி அஞ்சுகிறாள். மல்லர்களை மாய்த்த தோளைக் கண்டு அத்தோளுக்கே காப்பிட்டுப் பல்லாண்டு பாடிய ஆழ்வாரின் பரிவு இங்கே தாயின் வடிவில் நிற்கிறது. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் மங்களாசாஸனத்தைப் பெரியாழ்வாரின் இயல்பாகவே விளக்கியது இவ்வடிப்படையில்தான். மற்றையோர்க்கு எம்பெருமான் ரக்ஷகன். இவர்க்கோ அவன் ரக்ஷிக்கப்பட வேண்டியவன்.

முதல் பொருள் ஏன் தள்ளத்தக்கது என்பதற்கு மனையிலேயே சான்று உண்டு. பிறந்த இரண்டாங் கிழமையிலிருந்து பிள்ளையின் அழுகை கூடிக்கொண்டே போய் ஆறாங் கிழமையளவில் உச்சமடைந்து, மூன்றாந் திங்களில் தணிவது பொது இயல்பு. மாலை வேளையில் கால்களை வயிற்றோடு மடக்கியும் உதைத்தும் ஓயாது அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு உறக்கமிழந்த தாய் சொல்லும் சொல் ‘எனக்கு முடியவில்லை’ என்பதன்று. ‘இவனுக்கு என்ன செய்கிறதோ’ என்பதே. எடை முறையாக ஏறி, பால் குடித்து, சிறுநீர் நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் கழியுமாயின் அவ்வழுகை நோயன்று. பால் மறுத்தல், உடல் குளிர்தல் அல்லது காய்தல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்தல், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடத்தல் ஆகியவை நோயின் குறிகள். அப்போது 108 ஊர்தியை அழைப்பதே காப்பிடுதல். மந்திரித்துக் கயிறு கட்டுவது அதன் பின்னர் ஆகட்டும்.

ஆறாங் கிழமையளவிலேயே வேறொன்றும் நிகழ்கிறது. பிறந்த பிள்ளையின் கண் ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த தொலைவையே, அதாவது 20 முதல் 30 செண்டிமீட்டர் வரையே, ஒருவாறு தெளிவாகக் காணும். முலையிலிருந்து தாயின் முகத்துக்குள்ள தொலைவு அது. தாயின் குரலை அவன் கருவிலேயே அறிந்தவன். மணத்தைச் சில நாட்களில் அறிகிறான். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முகத்தைப் பார்த்து முகத்துக்காகவே சிரிக்கிறான். அதற்கு முன் உறக்கத்தில் தோன்றும் இதழசைவை ‘சாமி சிரிப்புக் காட்டுகிறது’ என்று பெரியோர் சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு: அச்சிரிப்பு எதிரில் இருப்பவரை நோக்கியதன்று என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

சகடாஸுரனை உதைத்த காலம் பற்றிப் பிரமாணங்களுக்குள் வேறுபாடு உண்டு. ஸ்ரீமத் பாகவதத்தின் இரண்டாம் ஸ்கந்தம் மூன்று திங்கட் பிள்ளை என்கிறது. தசம ஸ்கந்தத்தில் பிள்ளை புரண்டதைக் கொண்டாடும் சடங்கன்று, பிறந்த நட்சத்திரம் கூடிய நாளில், அது நிகழ்கிறது. பெரியாழ்வாரோ பாதாதிகேசத்தில் நான்கைந்து திங்கள் அளவில் என்கிறார். கல்ப பேதம் என்று சொல்லி விடுவது எளிது, தவறும் அன்று. ஆயினும் பிள்ளைகள் புரளத் தொடங்கும் காலமே மூன்று முதல் ஐந்து திங்கள் வரை விரிந்து கிடப்பது கருதத்தக்கது. ரிஷி ஒரு முனையையும் ஆழ்வார் மறுமுனையையும் சொன்னதாகக் கொண்டால் இரண்டும் ஒரே இயற்கைக்குள் அடங்கும். ‘நான்கைந்து’ என்று தாய் தோராயமாகச் சொல்வதும், பிள்ளையின் ஒவ்வொரு செயலையும் நாள் குறித்து வையாத பெண்களின் பேச்சாகவே ஒலிக்கிறது. அதே திருமொழியின் முதலில் கால்விரலைப் பிடித்துச் சுவைக்கும் பிள்ளை வருகிறான். அது ஐந்து ஆறு திங்களுக்குரிய செயல். தாலாட்டோ இதற்கு அடுத்த திருமொழியில்தான் வருகிறது. ஆகவே திருமொழி வரிசை அகவை வரிசை அன்று. திருவடியில் தொடங்க வேண்டும் என்னும் முறையே அங்கே வயதை முந்திக்கொண்டது.

இனி, வளர்ச்சி என்பதே எம்பெருமானுக்குக் கூடுமா என்னும் கேள்வி. இருத்தல், பிறத்தல், மாறுதல், வளர்தல், தேய்தல், அழிதல் என்னும் ஆறு பாவ விகாரங்களை யாஸ்கரின் நிருக்தம் கூறும். இவை பிராகிருதமான உடலுக்கே உரியன. ஜீவ ஸ்வரூபம் அணுவாய் நின்று மாறாதது. சுருங்குவதும் விரிவதும் அதன் தர்மபூத ஞானம் ஒன்றே. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை நாளுக்கு நாள் அறிவு பெறுவது புதிய அறிவு ஒன்று அவனுள் உண்டாவதால் அன்று; கர்மத்தால் சுருங்கியிருந்தது கரணங்கள் வாய்க்க வாய்க்க விரிவதால். அவதார விக்ரஹமோ அப்பிராகிருதம், சுத்தஸத்துவமயம். கீதா பாஷ்யம் நான்காம் அத்தியாயத்தில் எம்பெருமானார், தன் ஸ்வபாவத்தை விடாமலே தன் இச்சையால் பிறக்கிறான் என்று நிலைநாட்டினார். கர்மம் காரணமாகப் பிறக்கும் பிள்ளைக்கு வளர்ச்சி விதி. அவனுக்கோ அது ஸங்கல்பம். யசோதை அனுபவிப்பதற்காகவே வளர்ச்சி என்னும் முறையை ஏறிட்டுக்கொண்டான்.

ஸ்ரீவிஷ்ணுபுராணம் ஆறாம் அம்சத்தில் பராசரர் தரும் சித்திரம் இதற்கு முற்றும் மாறானது. தானே சொறிந்துகொள்ளவும் புரளவும் மாட்டாமல், பால் பருகுவதற்கும் பிறர் கையை எதிர்நோக்கி, பூச்சி கடித்தாலும் விலக்க இயலாமல் கிடக்கும் சிசுவை அவர் ஸம்ஸார துக்கத்துக்கே எடுத்துக்காட்டாக வைத்தார். அவர் சொன்னது உண்மை. அதே அசக்தியைத்தான் பெரியாழ்வாரும் பாடினார். சிசுவின் உள்ளிருந்து பார்த்தால் அது துக்கம். தாயின் கையிலிருந்து பார்த்தால் பரிவுக்கு இடம். பிறரையே நோக்கிக் கிடக்கும் அந்நிலையைப் பாரதந்திரியத்துக்கு உவமையாகக் கொள்வோர் பராசரர் காட்டிய துன்பத்தையும் மறவாதிருத்தல் நலம். அழும் பிள்ளைக்கு உவமை உதவாது.

நம்மாழ்வார் திருவவதாரத்தை இங்கே நினையாமல் இயலாது. பிறக்கும் சிசுவைச் சூழ்ந்து முன்னறிவை மறைக்கும் சடம் என்னும் வாயுவை வெகுண்டு விலக்கியதால் சடகோபர் ஆனார், அழவில்லை, பாலுண்ணவில்லை. பன்னிரண்டாம் நாள் காரியாரும் உடையநங்கையாரும் பிள்ளையைத் திருக்குருகூர் ஆதிநாதன் ஸந்நிதியில் கொண்டு விட்டனர் என்பது குருபரம்பரை. மகான்களின் சரிதம் என்று கண்ணீர் மல்கக் கேட்கும் நாம், அப்பன்னிரண்டு நாட்கள் அத்தாய் பட்ட பாட்டை எண்ணுவது அரிது. அந்தச் சரிதத்தைக் காட்டி, பாலுண்ணாத பிள்ளையை வீட்டில் வைத்துக் காத்திருப்போர் இருப்பின், அவர்கள் குருபரம்பரையைப் பிழைபடக் கேட்டவர்கள்.

ஆண்பிள்ளை என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. பிறந்த பிள்ளையைக் கண்டு வந்த ஆயர்கள் இவனுக்கு ஒப்பான ஆண் இல்லை என்றும், திருவோணத்தான் உலகாள்வான் என்றும் சொல்கின்றனர். கண்ணன் பிறந்ததோ ரோகிணி. பாதாதிகேசத்தில் அத்தத்தின் பத்தாம் நாள் என்கிறது பாசுரம். அத்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்தாவது ரோகிணி. முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். கம்ஸனுக்கு அஞ்சி நாளை மறைத்துச் சொன்னது என்பர் பெரியோர். பிள்ளையின் நட்சத்திரத்தையும் எடையையும் அயலாரிடம் சொல்லக் கூசும் தாய்மார் அந்த அச்சத்தின் வழியினர். அக்கதையிலேயே மறைக்கப்படாமல் போனவள் ஒருத்தி உண்டு. ஆண்பிள்ளைக்கு மாற்றாகக் கொண்டு வரப்பட்டு, கம்ஸனால் கல்லில் ஓங்கப்பட்டவள் ஒரு நாட் பெண்குழந்தை. அவள் கைநழுவி ஆகாயத்தில் எழுந்தாள். சேலம், தருமபுரிப் பகுதிகளில் எழ இயலாதவர் பலர் இருந்தனர். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது இதனால்தான். அவ்வாண்டுக் குடிக்கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளுக்கு எதிரே பெண்பிள்ளைகள் தமிழகத்தில் மிகக் குறைவாக இருந்த மாவட்டங்களுள் இவ்விரண்டும் அடங்கும்.

ஆண்பிள்ளையின் தொட்டிலைப் பாடிய அதே ஆழ்வார் தம் திருத்துழாய் நந்தவனத்தில், ஆடிப்பூரத்தன்று, பெற்றோர் இன்னாரென்று தெரியாத பெண்குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து வளர்த்தார். அவளே திருப்பாவை பாடினாள். பெரியாழ்வார் திருமொழியைச் சேவிக்கும் இல்லத்தில் பெண் பிறந்தால் மாணிக்கத் தொட்டில் திருமொழியைத் தாலாட்டாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விடை அந்த நந்தவனத்தில் இருக்கிறது. தாலாட்டத் தெரிந்தவர் கையில் கோதை எந்தப் பாட்டைக் கேட்டு உறங்கியிருப்பாள்?

அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில், தருமபுரிக் கோட்டைப் பரவாசுதேவப் பெருமாள் கோயில் போன்ற ஸந்நிதிகளுக்குப் பிள்ளையை எப்போது எடுத்துச் செல்லலாம் என்பது இவ்வட்டாரத்தில் அடிக்கடி எழும் வினா. வீட்டைவிட்டு வெளிக்கொணரும் நிஷ்கிரமணத்தை நான்காந் திங்களில் விதிக்கிறார் மநு. பிறந்தவுடன் இடும் தடுப்பூசிகளுக்குப் பின், ஆறு, பத்து, பதினான்காம் கிழமைகளில் இடுபவை முடிவதும் நான்காந் திங்கள் புகுவதும் ஏறத்தாழ ஒன்றாக அமைகின்றன. அதற்கு முன் திருவிழாக் கூட்டத்தில் கொண்டுபோவதும், வருவோர் போவோர் எல்லாம் முத்தமிடுவதும் வேண்டா. தடுப்பூசிக்கு எடுத்துச் செல்வதை மட்டும் நாள் பார்த்துத் தள்ளுதல் ஆகாது. நான்காந் திங்களில், கூட்டமில்லாத விடியற்பொழுதில், தலை நிற்கத் தொடங்கிய பிள்ளையைத் தோளில் சார்த்தி எடுத்துச் சென்று, திருத்துழாயும் தீர்த்தமும் தாய் பெற்றுக்கொள்ள, சடாரி மட்டும் பிள்ளைக்கு ஸாதிக்கப் பெறலாம். உச்சிக்குழி மூட ஓராண்டுக்கு மேலாகும் ஆதலால், அர்ச்சகர் சடாரியைத் தலையில் அழுத்தாமல் தொடுவது போல் ஸாதிக்க வேண்டும்.